கேபினைச் சுற்றிப் பத்து அங்குலம்

மணி அடித்துவிட்டது. மணி என்ன மணி, உத்தரத்தில் தொங்கவிட்ட பழைய புரொப்பல்லரில் ஸ்பேனரால் இரண்டு தட்டு, அவ்வளவுதான். அதற்கே படகு கட்டும் ஷெட்டில் இருந்தவர்கள் எல்லாரும் மூக்கில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். கொம்பையா மேஸ்திரி மட்டும் போகிற போக்கில் நின்று, "கஸ்பார் அண்ணாச்சி, சாப்புட்டு வந்ததும் மேல்தளத்துக்கு ரெசின் கலக்கணும். முன்னால கேபினா, இல்ல நடுவுல ஸ்டியரிங் பெட்டியா, ரெண்டுல ஒண்ணு சொல்லிப்புடுங்க. கலக்கிட்டா இருவது நிமிசந்தான். பொறவு கல்லு" என்றார். தலையை ஆட்டினேன். மூன்று வாரமாக இந்தத் தலையை இப்படித்தான் ஆட்டிக்கொண்டிருக்கிறேன். அவரும் போனார். நான் படகுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். படகு என்று இதைச் சொல்லக் கூடாது, இன்னும் வெறும் கூடுதான், முப்பத்திரண்டு அடி வெள்ளைக் கூடு. உள்ளே மேல்தளம் கிடையாது, ஒரு பலகை கிடையாது, ஃபைபர் நார் கையில் ஒட்டி அரிக்கிறது. ரெசின் வாடை நேரே மண்டைக்கு ஏறுகிறது. மேலே தகரம், தகரத்துக்கு மேலே தூத்துக்குடி வெயில். தண்ணீரையே பார்க்காத படகில் உட்கார்ந்திருக்கும்போதும் உடம்பு லேசாக ஆடுவது போலத்தான் இருக்கிறது. நாற்பது வருடப் பழக்கம், தரையில் வந்தும் விடமாட்டேன் என்கிறது. அசதியாக இருக்கிறது. சாப்பிட்டால் போகிற அசதி இல்லை, தூங்கினாலும் போகாது. ஒரு மணிக்குள் சொல்ல வேண்டும்.

கேபின் என்றால் முன்பக்கம் ஒரு அறை. இரண்டு பேர் காலை நீட்டிப் படுக்கலாம், கதவு உண்டு, மழையோ வெயிலோ அலைத்தண்ணீரோ உள்ளே வராது. அறைக்குப் பின்னால் நின்று ஸ்டியரிங் பிடிக்கலாம். அறையைச் சுற்றி இரண்டு பக்கமும் முன்முனைக்கு, அணியத்துக்குப் போக ஒரு நடைவழி, பத்து அங்குலம். நடுவில் ஸ்டியரிங் என்றால் அறை கிடையாது, படகின் நட்டநடுவில் ஒரு பெட்டி, அதில் ஸ்டியரிங், மற்றபடி அணியத்திலிருந்து பின்முனைப் பிந்தலை வரைக்கும் திறந்தவெளி, இடுப்பளவு சுவர், உள்ளேயே சுற்றிச் சுற்றி நடக்கலாம். மீன் பிடிக்க அதுதான் வசதி, அதைக் குழந்தையும் சொல்லும். நாற்பது கிலோ சூரை ஒன்று தூண்டிலில் மாட்டி ஓடுகிறது என்றால் அது நமக்கு வசதியான பக்கமாகவா ஓடும்? படகைச் சுற்றி ஓடும், அடியில் போகும், அணியத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போகும், தங்கூசி நரம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நாமும் அதன் பின்னாலேயே ஓட வேண்டும். திறந்த படகில் ஓடிவிடலாம். கேபின் படகில் அந்தப் பத்து அங்குலத்தில் ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் மீனையும் பிடித்துக்கொண்டு சர்க்கஸ் காட்ட வேண்டும். மேற்கிலிருந்து கச்சான் காற்று அடித்தால் கேபினைத்தான் முதலில் பிடித்துத் தள்ளும், படகு நண்டு போலப் பக்கவாட்டில் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துமா கேபின் கேட்கிறாய் என்றால், கேட்கிறேன். ஐம்பத்தைந்து வயதில் இரண்டு நாள் கடலிலேயே தங்கல் போகிறவனுக்கு ஒரு கதவு வேண்டும். அதை வெளியே சொல்ல வெட்கமாக இருப்பதால் மழை என்கிறேன், சாரல் என்கிறேன், எமல்டா கேபின் வைக்கச் சொல்கிறாள் என்று பெண்டாட்டி தலையில் போடுகிறேன். அவள் சொன்னது உண்மைதான். ஆனால் எமல்டா சொல்லி நான் எதைக் கேட்டிருக்கிறேன்? மச்சானும் கேபின் என்கிறார். அதுதான் இடிக்கிறது. இருபத்தேழு வருடமாகத் திறந்த படகைத் தவிர வேறு எதையும் படகு என்று ஒத்துக்கொள்ளாத மனுஷன், கேபின் வைத்த படகைப் பார்த்தால் "ஆம்புலன்ஸ் போவுது பாரும்" என்று சிரிக்கிறவர், இப்போது என்னைவிட அதிகமாகக் கேபின் கேபின் என்கிறார்.

மச்சான் என்றால் எமல்டாவின் அண்ணன், தஸ்நேவிஸ். அறுபத்தொன்று முடிகிறது. சாப்பாட்டுப் பொட்டலம் வாங்க ரோட்டுக்குப் போயிருக்கிறார். நான் போகிறேன் என்றேன், விடவில்லை. "எனக்கு நடக்கணும்வே, சுகருக்கு நடக்கச் சொல்லிருக்காவ" என்று ஷூவைத் தட்டித் தட்டிக்கொண்டு போனார். ஷூ! சித்திரையிலிருந்து ஷூ. சாம்பல் நிறத்தில், கயிறு வைத்து, பள்ளிக்கூடத்து டிரில் மாஸ்டர் மாதிரி. படகில் யாராவது ஷூ போடுவார்களா? படகில் செருப்பே போடமாட்டோம், காலால்தான் எல்லாமே தெரியும், எஞ்சின் எப்படி ஓடுகிறது, அலை எந்தப் பக்கம் திரும்புகிறது, பலகையில் வழுக்கல் எங்கே இருக்கிறது, எல்லாம். அதிலும் அவர் கால். நான் ஜிபிஎஸ் பெட்டியைத் தட்டிக்கொண்டிருக்கும்போது அவர் பேசாமல் அணியத்தில் வெறுங்காலோடு நிற்பார், கண்ணை மூடிக்கொள்வார், கொஞ்ச நேரம் கழித்து "நீவாடு மாறுதுவே, தூண்டிலைத் தூக்கும்" என்பார். தண்ணீரின் ஓட்டம் அடியில் திரும்புவது மேலே வருவதற்குள் அவர் உள்ளங்காலுக்குத் தெரிந்துவிடும். நான் கேலி செய்வேன், காலை அடகு வைத்தால் கடனே கிடைக்கும் மச்சான் என்பேன். போன தை மாதம் அப்படித்தான் நின்றார், கண்ணை மூடினார், "இன்னும் திரும்பலவே, கிடக்கட்டும்" என்றார். திரும்பியிருந்தது. ஆறு தூண்டிலும் கடலடிப் பாறையான பாரில் போய்ச் சிக்கி அறுந்தன. எனக்குக் கோபம். வயதாகிவிட்டது, கவனம் இல்லை, வீட்டு நினைப்பு என்று எதையெதையோ நினைத்தேன். ஒரு வார்த்தை கடுமையாகவும் சொன்னேன். அவர் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. விளங்கியது அடுத்த மாதம், அந்த மத்தியானம். வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். ஒரு மணிக்குள் கேபினா நடுவா என்று சொல்ல வேண்டும், அதை நினை.

கீழே ஷெட்டுத் தரையில் சாக்பீஸ் கோடு தெரிகிறது. கொம்பையா காலையிலேயே வந்து குந்தியிருந்து வரைந்துவிட்டார். கேபினின் முழு அளவு, அதைச் சுற்றி இரண்டு பக்கமும் இரட்டைக் கோடு, இரண்டு கோட்டுக்கும் நடுவே பத்து அங்குலம். இந்தப் பட்டறையில் அது ஒரு வழக்கம். கேபின் கேட்டு வருகிற படகில் யார் யார் கடலுக்குப் போகிறார்களோ அவர்கள் எல்லாரும் அந்தக் கோட்டுக்குள் வெறுங்காலோடு, கண்ணை மூடிக்கொண்டு, பின்னாலிருந்து அணியம் வரைக்கும் நடந்து காட்ட வேண்டும். கடலில் இருட்டுமுண்டு, சாரலில் கண் எரியும், கையில் மீன் இருக்கும்போது எவன் காலைப் பார்த்து நடக்கப் போகிறான் என்பது கொம்பையாவின் கணக்கு. கால் கோட்டுக்கு வெளியே விழுந்தால் கேபினை ஒடுக்கி நடைவழியை அகலமாக்குவார். அதற்குமேல் விழுந்தால் கேபின் போடமாட்டேன் என்று சொல்லிவிடுவார். கொடுக்கிற காசுக்குப் போடவேண்டியதுதானே என்று சண்டை பிடித்துப் போனவர்களும் உண்டு. எனக்கு இந்த வழக்கம் தெரியாது. வேறு பட்டறைக்குப் போயிருந்தால் இந்தக் கோடும் இல்லை, இந்தத் தொல்லையும் இல்லை. "மச்சானும் வரட்டும் அண்ணாச்சி, ரெண்டு பேருமா நடந்து காமிச்சிருங்க" என்றார் காலையில். மச்சான் அப்போது பக்கத்தில்தான் நின்றார். "அதுக்கென்ன, நடந்துட்டாப் போச்சு" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சாப்பாடு வாங்கக் கிளம்பிவிட்டார். பத்து அங்குலம். என் பாதம் அகலவாக்கில் நாலு அங்குலம் இருக்குமா? ஆறு அங்குலம் மிச்சம். ஆறு அங்குலத்துக்குள் ஒரு மனுஷனின் உயிர். நினைக்க நினைக்க அந்தக் கோடு ஒடுங்கிக்கொண்டே போகிறது.

மாசி மாதம் அது. மத்தியானம் மூன்று மணி இருக்கும், எஞ்சினை அணைத்துவிட்டுத் தூண்டில் போட்டுக் கிடந்தோம். மச்சான் தார்ப்பாய் நிழலில் காலை வெளியே நீட்டிப் படுத்திருந்தார். பலகையில் ரத்தம், கோடு கோடாக, படகு சாய்கிற பக்கமெல்லாம் ஓடிக் காய்ந்திருந்தது. மீன் ரத்தம் என்று நினைத்து வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றினேன். மறுபடியும் ரத்தம். அன்றைக்குக் காலையிலிருந்து ஒரு மீன்கூடப் படவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. பார்த்தால் அவர் இடது குதிகாலில் தூண்டில் முள் முழுதாக ஏறியிருக்கிறது. சூரைக்குப் போடுகிற பெரிய முள். கொக்கியின் வளைவு மட்டும் வெளியே. அதை மிதித்துக்கொண்டே அந்த மனுஷன் எவ்வளவு நேரம் நடந்தாரோ தெரியாது. சாப்பாடு போட்டுக் கொடுத்தார், டீசல் பார்த்தார், பாட்டுக்கூட முணுமுணுத்தார். அந்த முள்ளோடுதான். எழுப்பலாமா என்று நினைத்தேன், எழுப்பவில்லை. குறடை எடுத்தேன். முள்ளைப் பின்னால் இழுக்க முடியாது, நுனியில் எதிர்ப்பல் இருக்கும். முன்னால் தள்ளி, தோலைக் கிழித்து வெளியே எடுத்து, பல்லை வெட்டிவிட்டுத்தான் இழுக்க வேண்டும். அப்படித்தான் செய்தேன். என் கால் என்றால் கத்திக்கொண்டு கடலில் குதித்திருப்பேன். அவர் அசையவில்லை. மூச்சுகூட மாறவில்லை. முள்ளைக் கடலில் வீசினேன், கொஞ்சம் மஞ்சள்பொடி வைத்து அழுத்தினேன், பலகையைக் கழுவினேன், என் இடத்தில் வந்து உட்கார்ந்தேன். எழுந்ததும் "என்னவே, ஏதும் கடிச்சுதா?" என்றார். "இல்ல மச்சான்" என்றேன். ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு பதினோரு நாள் இருந்தேன். பதினோராவது நாள் கால் வீங்கிக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா "எப்ப குத்துச்சு, என்ன குத்துச்சு" என்று கேட்டார். "தெரியல, ஏதோ குத்திருக்கும்" என்றார் மச்சான். நான் பக்கத்தில்தான் நின்றேன். சுவரில் ஒட்டியிருந்த கைகழுவும் படத்தில் ஆறு கைகளையும் எண்ணிக்கொண்டு நின்றேன். குதிகாலில் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்குச் சதையைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டு நாள் முந்தி வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்றார்கள். இரண்டு நாள் என்ன, பதினோரு நாள் முந்தியே எனக்குத் தெரியும். ஏன் சொல்லவில்லை? அவர் மனம் உடைந்துபோகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். சும்மா. சொன்னால் வீட்டில் எல்லாரும் சேர்ந்து அவரைக் கடலுக்கு விடமாட்டார்கள், அப்புறம் நான் யாரோடு போவேன் என்றுதான் சொல்லவில்லை. புதிதாக ஒருவனோடு படகில் இரண்டு நாள் உட்கார்ந்து, அவன் பேச்சைக் கேட்டு, அவன் பீடியை மோந்து, என்னால் முடியாது. அவர் காலை நான் தின்றுவிட்டேன். சொல்லப்போனால் அதுதான் நிஜம்.

அதிலிருந்து எனக்குத் தூக்கம் கிடையாது. படகில் எங்கே திரும்பினாலும் அந்த ஷூ. அணியத்தில் நின்றால் ஷூ, பிந்தலைக்குப் போனால் ஷூ. எங்கே வைக்கிறார், கயிற்றில் மாட்டுமா, முள் கிடக்கிறதா, பலகை ஈரமா என்று தூண்டிலைப் பார்ப்பதை விட்டுவிட்டு அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவர் தூங்கினால் நான் முழித்திருக்கிறேன், அவர் முழித்திருந்தால் கட்டாயம் முழித்திருக்கிறேன். கேபின் இருந்தால் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம். இரண்டு மணி நேரம் அந்தக் காலைப் பார்க்காமல் கிடக்கலாம். இவ்வளவுதான் என் ஆசை, இவ்வளவு கேவலமான ஆசை. நான் கதவைச் சாத்திய பிறகு அவர் என்ன செய்வார்? நங்கூரம் பார்க்க அணியத்துக்குப் போவார். பத்து அங்குலத்தில், பஞ்சு மாதிரி இருக்கும் இரண்டு காலோடு. கால் இறங்கியது தெரியுமுன்னே தண்ணீர் வந்துவிடும். எஞ்சின் சத்தத்தில் கதவுக்கு உள்ளே எனக்கு ஒன்றும் கேட்காது. கொஞ்ச நேரம் கழித்து வெளியே வருவேன், ஒரு பக்கம் பார்ப்பேன், மறு பக்கம் பார்ப்பேன். இந்த இடத்துக்கு வந்ததும் நினைப்பு நின்றுவிடுகிறது, மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. கேபின் என்றால் முன்பக்கம் ஒரு அறை. அப்படியானால் நடுவில் வை என்று சொல்லிவிட்டுப் போகலாமே, யார் தடுத்தது? மச்சான் ஏன் என்று கேட்பார். கேபின் வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவன் கடைசி நிமிடத்தில் ஏன் மாறுகிறான் என்று கேட்பார். என்ன சொல்வது? உங்கள் கால் செத்துப்போய்விட்டது மச்சான், எனக்குத் தெரியும், மாசியிலிருந்தே தெரியும் என்று சொல்வதா? சொன்னால் பதினோரு நாளும் சேர்ந்தல்லவா வெளியே வரும்? பேசாமல் அவரே நடந்து காட்டட்டும். கண்ணை மூடினால் தானாகவே தள்ளாடுவார், கோட்டை விட்டு வெளியே போவார், கொம்பையா பார்த்துக்கொள்வார், நான் வாயைத் திறக்க வேண்டியதில்லை. இப்படியும் நினைக்கிறேன். நாலு பேர் முன்னால் அந்த மனுஷன் தள்ளாடி நிற்பதை வைத்து நான் தப்பித்துக்கொள்வேனாம். நல்ல மச்சினன்.

வெளியே தண்ணீர்க் குழாய்ச் சத்தம், ஏப்பம், சிரிப்பு. வந்துவிட்டார்கள். மச்சானும் வாசலில் தெரிந்தார், கையில் இரண்டு பொட்டலம். கூட்டிலிருந்து இறங்கினேன், முட்டி இரண்டும் சடக்கென்றது. கொம்பையா கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "என்ன அண்ணாச்சி, கேபின்தான? வாங்க, நடந்துருவோம்." வேலையாட்கள் நாலைந்து பேர் வேடிக்கை பார்க்கச் சுற்றி நின்றார்கள். மச்சான் பொட்டலங்களை மரப்பெட்டியில் வைத்துவிட்டு, அதன் மேலேயே ஒரு ஓரமாக உட்கார்ந்து, ஷூக் கயிற்றில் கை வைத்தார். அவிழ்க்கவில்லை. கை அங்கேயே நின்றது. அவர் முகத்தைப் பார்த்தேன். மதிய வெயிலில் நடந்து வந்த வியர்வை என்று சொல்லிக்கொள்ளலாம்.

"நான் முதல்ல நடக்கேன் மேஸ்திரி" என்றேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டின் முனையில் நின்று கண்ணை மூடினேன். சிமென்ட் தரை சூடாக இருந்தது. சாக்பீஸ் பொடி விரலில் நறநறத்தது. கோடு எங்கே இருக்கிறது என்று உள்ளங்காலுக்கு அச்சாகத் தெரிந்தது, இப்படியே கொழும்பு வரைக்கும் நடந்துவிடலாம். எல்லாம் தெரிகிற கால். ஒரு எட்டு வைத்தேன், இரண்டு வைத்தேன், மூன்றாவது எட்டில் இடது காலைத் தூக்கிக் கோட்டுக்கு வெளியே நன்றாகத் தள்ளி வைத்தேன். யாரோ சிரித்தார்கள். "அண்ணாச்சி, வெளிய போயிட்டிய. இன்னொரு மட்டம் வாங்க" என்றார் கொம்பையா. இன்னொரு மட்டம் நடந்தேன். இந்தத் தடவை இரண்டாவது எட்டிலேயே வெளியே வைத்து, கொஞ்சம் தள்ளாடியும் காட்டினேன்.

"என்ன அண்ணாச்சி, காலைலயே ஊத்திட்டு வந்துட்டியளா?"

"வயசாயிட்டு மேஸ்திரி. கேபின் நமக்கு ஒத்துவராது. நடுவுலயே வைச்சிருங்க."

"நெசமாத்தான் சொல்லுதியளா? மூணு வாரமா கேபினு கேபினுன்னு..."

"நடுவுல வைங்க."

அவர் மச்சானைப் பார்த்தார். சரி என்று கொம்பையா ஆட்களைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒருவன் போகும்போது சாக்பீஸ் கோட்டின் மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனான். மச்சான் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். ஒரு பொட்டலத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"சாப்பிடும்வே, ஆறிப்போவும்."

உட்கார்ந்தேன். பிரிக்கவில்லை. அவரும் பிரிக்கவில்லை.

"நீரு நல்லாத்தான் நடந்தீரு" என்றார்.

"இல்ல மச்சான், தலை லேசா..."

"அந்த முள்ளை என்னவே செஞ்சீரு?"

தகரத்தில் காக்கை ஒன்று நடந்து போகும் சத்தம் கேட்டது. எந்த முள் என்று கேட்கலாம் என்று நினைத்தேன். கேட்கவில்லை. "கடல்ல போட்டுட்டேன்" என்றேன்.

"முழிச்சுத்தான்வே கிடந்தேன்" என்றார். ஷூவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீரு குறடு எடுத்ததுல இருந்து பாத்தேன். தள்ளுனீரு, ரத்தம் வந்துச்சு, பல்லை வெட்டுனீரு. இப்ப வலிக்கும், இப்ப வலிக்கும்னு பாத்துக்கிட்டே கிடந்தேன்."

எனக்கு அழுகை வந்தது. அழ இடமில்லை, ஆட்கள் போய் வந்துகொண்டிருந்தார்கள். பதினோரு நாளை நான் சொல்ல வாயெடுத்தேன். டாக்டரம்மாவிடம் நான் சொல்லியிருக்க வேண்டும் மச்சான் என்றேன், அல்லது அது போல ஏதோ சொன்னேன். அவர் கையை அசைத்தார்.

"நானுந்தான் சொல்லல. சொன்னா கடலுக்கு விடமாட்டாவ." பொட்டலத்து நூலை விரலால் நிமிண்டினார். "அன்னையில இருந்து நீரு கண்ணை மூடலவே. என் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீரு. அதான் கேபின் கேட்டேன். கதவைச் சாத்திக்கிட்டு நீரு கொஞ்சம் தூங்கட்டும்னு."

"நீங்க அந்த வழியில நடந்தா என்ன ஆவும்னு தெரியாதா மச்சான்?"

"தெரியும்."

பிறகு பொட்டலத்தைப் பிரித்து ஒரு வாய் எடுத்து வைத்தார். மணி ஒன்று தாண்டிவிட்டது, அவர் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மென்றுகொண்டே, "பெட்டிக்கு மேல ஒரு கூரை போடச் சொல்லும். வெயிலு உமக்கு ஆவாது" என்றார். உள்ளேயிருந்து கொம்பையா சத்தமாகக் கேட்டார், ரெசின் கலக்கட்டுமா என்று. கலக்கச் சொன்னேன்.